சீவிய உரித்து: முதுமையும் நமது இலக்கியமும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே ஓர் ஏற்பாடு உண்டு. பெற்றோர் தாம் வாழும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது, தமது உயிர் உள்ளவரை அவ்வீட்டில் வாழ்வதற்கும் அதன் பயனை அனுபவிப்பதற்கும் உரிய உரிமையைத் தமக்கென ஒதுக்கிக் கொள்வர். இதனைச் சீவிய உரித்து என்பர். தேசவழமையின் மரபிலே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. ஆகவே முதுமையடையும் தாயும் தந்தையும் சொந்த வீட்டிலேயே விருந்தினராகிவிடும் அபாயம் அவ்வழக்கத்தின் உள்ளே மறைந்து கிடக்கிறது. அதனை உணர்ந்த நமது முன்னோர் சட்டத்தின் மொழியில் ஒரு காப்பினைத் தேடிக்கொண்டனர். கொடுப்பவன் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறான். ஆயினும் வாழும் உரிமையை மட்டும் கொடுப்பதில்லை.

காணிக்கும் வீட்டுக்கும் நாம் வகுத்துக் கொண்ட இந்த ஏற்பாட்டை நமது இலக்கியம் முதியவர்களுக்கு வழங்கியிருக்கிறதா? கதையிலும் கவிதையிலும் முதியவர் தமக்குரிய உயிருடன் வாழ்கிறாரா, அன்றி இளையவரின் குற்ற உணர்ச்சிக்கு ஒரு சாட்டாகவும், பழைய உலகின் வீழ்ச்சிக்கு ஒரு சின்னமாகவும், பண்பாட்டின் பெருமைக்கு ஒரு படமாகவும் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறாரா? முதுமையில் உளநலம் என்பது பற்றி இந்நாளிலே பலர் பேசுகின்றனர், எழுதுகின்றனர். மன நெருக்கீட்டைத் தாங்கும் வழிகள் என்று பல போதனைகள் வெளிவருகின்றன. அவற்றின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனின் துயரம் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் அதனைத் தாங்கும் வழியை மட்டும் கற்பிப்பது எத்தகைய போதனை என்பதை ஆராய்தல் அவசியமாகும். அவ்வாராய்ச்சிக்கு இலக்கியம் தக்க களம் என்பது நமது கருத்து. ஏனெனில் ஒரு சமுதாயம் தன் முதியவரை எவ்வாறு காண்கிறது என்பது அதன் கதைகளிலே வெளிப்பட்டு நிற்கும்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியை அடுத்து அமைந்த கொக்குவில் அது. 1910 ஆம் ஆண்டில் தோன்றிய இந்துக் கல்லூரியினால் கல்வியிலும், மஞ்சவனப்பதி முருகன் கோயிலினால் சமயத்திலும் பெயர்பெற்ற இவ்வூர், உழைப்பின் வரலாற்றிலே வேறொன்றினால் அறியப்பட்டது. அதுதான் சுருட்டுத் தொழில். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை இவ்வட்டாரத்துக் கொட்டில்களிலே சுருட்டாகித் தென்னிலங்கைக்குச் சென்றது. சிங்களக் கிராமங்களின் சந்திகளிலே யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக் கடைகள் இருந்த காலம் ஒன்று உண்டு.

சுருட்டுக் கொட்டிலிலே வரிசையாக அமர்ந்து இலையைக் கிழித்து நரம்பகற்றிச் சுற்றிய தொழிலாளிக்குக் கை மட்டுமே வேலை செய்தது. காதும் கருத்தும் ஓய்வாயிருந்தன. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க ஏனையோர் கேட்டபடி சுருட்டுச் சுற்றும் வழக்கம் அக்கொட்டில்களில் நிலவியது. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 ஆம் ஆண்டளவில் இத்தகைய வாசிப்பு ஆரம்பமாகியது. கேரளத்தின் பீடித் தொழிலாளரிடையிலும் அது காணப்பட்டது. கடல்களினால் பிரிக்கப்பட்ட மூன்று இடங்களில் ஒரே வகையான உழைப்பு ஒரே வகையான பழக்கத்தைத் தோற்றுவித்தது. எழுத்தறியாதவன் உலகச் செய்தியை அறிந்தான். அறிந்ததைப் பற்றி வாதிட்டான். வாதிட்டவனைப் பக்கத்திலிருந்தவன் மறுத்தான்.

இக்கொட்டிலை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி, புகையிலைத் தூசியினால் இருமல், குனிந்த முதுகு. 1958 ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோதிலும், துண்டுக் கூலிக்கு உழைத்த ஏழையின் கிழப்பருவத்துக்கு அவனுடைய பிள்ளைகளே பெரும்பாலும் நிதியாக இருந்தனர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை குறைந்தபோது அவன் இழந்தது கூலியை மட்டுமன்று. 1983 ஆம் ஆண்டின் வன்செயல்களும், 1990 இல் வடக்குக்கான பாதைகள் அடைபட்டமையும், புகைத்தற் பழக்கம் மாறியமையும் சேர்ந்து அத்தொழிலைச் சிறுக்கச் செய்தன. அதனுடன் கேட்பதற்கு ஒரு குரலும், தன்னைக் கேட்பதற்குச் சில காதுகளும் அவனுக்கு இல்லாமற் போயின. உளவியலார் இன்று தனிமை என்று பெயரிடும் நோயின் ஒரு பகுதி இவ்வாறே தொழிலின் வரலாற்றிலே பிறந்தது. இதனை எந்த மூச்சுப் பயிற்சி ஈடு செய்யும்?

இன்னொரு வரலாறும் உண்டு. கொக்குவிலின் இன்றைய முதியவர் யார்? 1987 ஆம் ஆண்டு ஐப்பசியில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற முன்னேறிய நாட்களில் அவர் இளந்தாயாகவோ இளந்தந்தையாகவோ இருந்தவர். அகதிகள் தஞ்சம் புகுந்திருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியிலேயே ஷெல்கள் விழுந்து மக்கள் மாண்டதை அவ்வூர் மறக்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, தம் தாயைத் துவிச்சக்கர வண்டியில் இருத்தித் தள்ளிச் சென்றவரும், நடக்கமாட்டாத தந்தையை வீட்டில் விட்டுச் செல்ல நேர்ந்தவரும் இன்று தாமே அந்த வயதை எய்தியிருக்கின்றனர். முதுமையைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த முதற்பாடம் நாவற்குழிப் பாலத்திலே கிடைத்தது. தாம் சுமந்ததையும் விட்டுவந்ததையும் நினைந்துகொண்டு, தம்மைச் சுமப்பவர் யார் என்று அவர்கள் கேட்கின்றனர். பிள்ளைகளோ கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும்.

இம்மனிதர் வைத்தியரிடம் சென்று மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை விறைக்கிறது, நித்திரை இல்லை என்பார்; மிஞ்சினால் ‘ஒரே யோசினை’ என்பார். யாழ்ப்பாணத்து வழக்கிலே யோசினை என்ற சொல் சிந்தனையையும் கவலையையும் ஒருங்கே குறிப்பது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் இந்த உடல்மொழியை நமக்கு விளக்கியதோடு, போரின் காயம் தனிமனிதனின் மூளையில் மட்டும் தங்குவதன்று, குடும்பத்தையும் அயலையும் ஊரையும் பற்றிய கூட்டு மனவடு என்பதையும் வற்புறுத்தினர். காயம் கூட்டாக ஏற்பட்டதாயின் மருந்தும் கூட்டாக அமைதல் வேண்டுமன்றோ?

ஆனால் நமது மரபு முதியவருக்குத் தரும் போதனை வேறு. நாலடியாரிலே இளமை நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. சித்தர் பாடல்களிலும் பட்டினத்தார் பெயரால் வழங்கும் பாடல்களிலும் முதுமை உடலின் அழுகலாகவும் பற்றறுக்கத் தூண்டும் எச்சரிக்கையாகவும் வருகிறது. அங்கே கிழவன் ஒரு மனிதனல்லன். இளைஞனுக்குக் காட்டப்படும் ஓர் உதாரணம். இன்று கடைகளில் விற்கும் மனநிம்மதி நூல்கள் இப்பழைய துறவின் மலிவுப் பதிப்புகளே எனலாம். ‘எதிர்பார்ப்பைக் குறை, பழையதை மற, தலையிடாதே, அமைதியாயிரு’ என்று அவை முதியவருக்குக் கூறுகின்றன. வீட்டிலுள்ளோருக்கு மிகவும் வசதியான போதனைகள் இவை! எதிர்பார்ப்பில்லாத கிழவனுக்குச் செலவில்லை. தலையிடாத கிழவியினால் தொல்லையில்லை. பழையதை மறந்தவரிடம் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

விஞ்ஞானம் இவ்வாறு கூறவில்லை. அமெரிக்க உளமருத்துவர் ராபர்ட் பட்லர் 1963 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், முதியவர் கடந்ததையே பேசுவது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்ற எண்ணத்தை மறுத்தார். வாழ்வின் முடிவை அணுகும் மனிதன் தன் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் பார்த்து, முடியாத வழக்குகளைத் தீர்க்க முயல்கிறான். அது மனம் செய்யும் இயல்பான வேலை என்றார். அவ்வேலை சிலரை அமைதிக்கும், சிலரை ஆழ்ந்த துயருக்கும் கொண்டு செல்லக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. வைத்தியத்துக்குரிய நோய் என்பதும் இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. பிரான்சிய எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் 1970 இல் முதுமை பற்றி எழுதிய பெருநூலில் இவ்விடயத்தை இன்னுமோர் அடி முன்னே கொண்டு சென்றார். உழைக்கும் ஆண்டுகளிலே மனிதனை வெறும் கருவியாகப் பயன்படுத்திய சமுதாயம், உழைப்பு ஓய்ந்ததும் அவனை வெறுங்கையுடன் எறிந்துவிடுகிறது. ஆகவே முதியவரின் நிலை அந்நாகரிகம் முழுவதன் தோல்வியையும் அம்பலப்படுத்துகிறது என்பது அவர் வாதம். பட்லர் முதியவருக்குக் கேட்பவன் தேவை என்றால், பொவ்வார் அவருக்கு வேறொரு சமுதாயம் தேவை என்கிறார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இவ்விரண்டு கருத்துகளையும் மனத்திற் கொண்டு நமது பழம்பாடல்களைத் திரும்பப் படித்தால் வியப்பூட்டும் உண்மை ஒன்று புலப்படும். துறவின் குரல் ஓங்குவதற்கு முன்னரே, முதுமை பற்றி வேறுவகையாகப் பேசும் மரபு ஒன்று தமிழில் இருந்தது. புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது; பாட்டில் வரும் கைத்தடியையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். தடியூன்றி, இருமலிடையே சில சொற்களைப் பேசும் அம்முதியவர், ஆழமான மடுவிலே மரக்கிளையிலிருந்து குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டிய தம் இளமையை நினைக்கிறார். அவர் யாருக்கும் போதனை செய்யவில்லை, நிலையாமையை உபதேசிக்கவில்லை. தாம் இழந்ததை இழப்பென்றே சொல்கிறார். பட்லர் கூறிய வேலையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கிழவர் செய்துகொண்டிருக்கிறார். நமது விமர்சகர் சிலர் இப்பாட்டை நிலையாமைப் பாட்டென வகுத்து மூலையில் வைத்துவிட்டமை அவருக்குச் செய்த அநீதியாகும்.

191 ஆம் பாட்டு இன்னும் முக்கியமானது. ஆண்டுகள் பல சென்றும் நரை தோன்றாதிருப்பது எவ்வாறு என்று வினவியோருக்குப் பிசிராந்தையார் விடை கூறுகிறார். மனைவியின் மாட்சி, மக்களின் அறிவு, தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று அவர் காட்டும் காரணங்களுள் ஒன்றேனும் அவர் மனத்துக்குள்ளே கிடப்பதன்று. தாம் செய்த தவத்தையோ, கைக்கொண்ட பயிற்சியையோ, அடக்கிய ஆசையையோ அவர் குறிப்பிடவில்லை. வீடும் ஊரும் அரசும் நன்றாயின், கவலை குறையும். நரை பிந்தும் என்கிறார். முதுமையின் உளநலம் ஒரு சமுதாய விளைவு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறியவர் அரியர்.

ஆயினும் முற்போக்கு வாசகன் இங்கே ஒரு வினாவை எழுப்பாமல் இருக்க முடியாது. பிசிராந்தையாரின் நரை பிந்துவதற்காகக் குறிப்பறிந்து ஓடிய அந்த ஏவலாளின் தலை எப்போது நரைத்தது? அவனை யாரும் கேட்டதாகப் பாட்டில்லை. ஒருவரின் நிம்மதியான முதுமை மற்றொருவரின் இளமையைத் தின்று வளர்வதுண்டு. இன்று யாழ்ப்பாணத்து வீடுகளிலே வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு முதியவரைப் பராமரிக்க அமர்த்தப்படும் ஏழைப் பெண்ணை நினைத்துப் பார்த்தால் அவ்வினாவின் கூர்மை விளங்கும். அப்பெண்ணின் முதுமைக்கு யார் பணம் அனுப்பப் போகிறார்கள்?

ஏவலாளைக் கேளாத அம்மரபுக்குப் பதில் சொன்னவை நமது நவீன சிறுகதைகளே. புதுமைப்பித்தனின் ‘மகாமசானம்’ சென்னை மவுண்ட் ரோட்டின் சந்தடியிலே பிச்சைக்காரக் கிழவர் ஒருவர் இறந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. நகரம் அவரைச் சுற்றி நடந்து செல்கிறது. கிழவரின் துயரத்தை வருணித்து நம்மை அழவைக்க ஆசிரியர் முயலவில்லை. நடந்து செல்பவர்களைப் பார் என்கிறார். சாவைக் கண்டு நில்லாத நகரமே மயானம் என்னும் அத்தலைப்பு, முதுமையின் துயரத்தை முதியவரின் உடம்பிலிருந்து எடுத்துத் தெருவில் வைத்துவிடுகிறது. ஆனால் அங்கே கிழவருக்குச் செயல் இல்லை. சாவதற்கு மட்டுமே இடம் உண்டு.

அச்செயலை வழங்கியது ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’. கௌரிப் பாட்டி எழுபது வயதளவான பிராமண விதவை, தலை மழித்தவள், ஆசாரம் தவறாதவள். விதவையாகி ஆசிரியையாகத் தொழில் பார்க்கும் பேத்தி கீதா மறுமணம் செய்ய முடிவு செய்ததைக் கடிதத்திலே அறிந்த குடும்பம் கொதிக்கிறது. பாட்டியோ தன் விதவை வாழ்வைப் பின்னோக்கிப் பார்க்கிறாள். தான் பட்டதைப் பேத்தியும் படவேண்டும் என்று அவள் மனம் சொல்லவில்லை. மகனின் வீட்டை விட்டுப் பேத்தியுடன் வாழ மூட்டையுடன் கிளம்புகிறாள். கதையின் சிறப்பு பாட்டி ‘நவீனமானாள்’ என்பதில் இல்லை. தன் ஆசாரத்தைத் தனக்கென வைத்துக்கொண்டே அதனை இன்னொருத்தியின் மேல் சுமத்த மறுக்கிறாள். கடந்த காலத்தை எடுத்துப் பார்க்கும் மனத்தின் வேலை இங்கே ஒரு தீர்மானமாக முதிர்கிறது. மனச்சுமையை அவள் ‘சமாளிக்கவில்லை’; அச்சுமையை உண்டாக்கிய வழக்கத்தையே தன்னளவில் முறிக்கிறாள். முதுமையில் உளநலம் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு நாம் இக்கதையைக் கொடுப்போம்.

இனி நமது முற்றத்துக்கு வருவோம். பிறரைக் குறைகூறிய பின் தன்னைத் தப்பவிடும் விமர்சனம் நேர்மையற்றது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் தோன்றியது முதல் ஈழத்து இலக்கியத்திலே உழைப்பாளியும் ஒடுக்கப்பட்டவனும் கதாநாயகராயினர். அது நமது பெருமை. ஆனால் நமது கதைகளிலே விடிவு எப்போதும் இளைஞனின் தோளிலேதான் வந்தது. முதியவர் இரண்டு உருவங்களில் மட்டுமே அடிக்கடி தோன்றினார்: சாதித் திமிர் பிடித்த உடையார் ஒருவர், ‘நமக்கேன் இந்த வம்பு’ என்று மகனைத் தடுக்கும் அடங்கிய கூலித் தகப்பன் மற்றவர். முன்னவர் வீழ்வதற்கும் பின்னவர் இறுதியில் மனம் மாறுவதற்கும் படைக்கப்பட்டவர். வரலாறு இளைஞரின் சொத்து என்று எண்ணிய நாம், நாற்பதாண்டு சுருட்டுச் சுற்றியவனின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று கேளாமலே விட்டோம். உற்பத்தியில் ஈடுபடாதவன் பயனற்றவன் என்ற முதலாளியின் கணக்கு நம் அறியாமலே நமது அழகியலிலும் புகுந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இக்குறையை நமது அணியைச் சேர்ந்த ஒருவரே தம் வாழ்வினால் திருத்தினார். டொமினிக் ஜீவா 1966 இல் ஆரம்பித்த ‘மல்லிகை’யை 2012 வரை நடத்தியவர், இதழ்களைத் தாமே சுமந்து தெருவில் விற்றவர். 1999 இல், எழுபதைக் கடந்த வயதில், ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற தம் வரலாற்றை வெளியிட்டார். சிகை அலங்காரத் தொழிலாளியாகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்த ஒருவரின் கணக்கு அந்நூல். சாதியின் பெயரால் தமக்கிழைக்கப்பட்ட அவமதிப்புகளை அவர் ‘மறந்து மன்னித்து’ நிம்மதி தேடவில்லை. நினைவிலே வைத்தார், பெயரிட்டார், எழுத்தாக்கினார். 2021 இல் மறையும்வரை அவர் நமக்குக் காட்டிய முதுமை சாந்தமான முதுமையன்று. ஆயினும் நலமான முதுமை. கோபத்துக்கும் மனநலத்துக்கும் பகையில்லை. நியாயமான கோபத்தை விழுங்குவதே நஞ்சு.

கொக்குவிலின் மைந்தர் அ. முத்துலிங்கத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1937 இல் அவ்வூரிற் பிறந்து, 1964 இல் ‘அக்கா’ தொகுதியினால் அறிமுகமாகி, நாடு பல சுற்றிக் கனடாவில் குடியேறியவர். எழுபதைத் தாண்டியபின் 2008 இல் அவர் வெளியிட்ட ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ கொக்குவிலின் சிறுவனிடத்தே மீள்கிறது. நகைச்சுவையும் நுண்ணிய அவதானமும் நிறைந்த அவ்வெழுத்து, முதுமையின் நினைவு எத்துணை இளமையாக இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று. சாதியும் வர்க்கமும் அங்கே போதிய அழுத்தம் பெறவில்லை என்று நாம் குறைகூறலாம். எனினும் ஓர் உண்மை எஞ்சுகிறது: நினைப்பதற்குப் பேனா வாய்த்தவர் நினைக்கிறார். அவருடைய ஊரிலே சுருட்டுச் சுற்றிய கிழவருக்கும், பாய் இழைத்த கிழவிக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்குப் பேனா நாமாக இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது என்ன? புலம்பெயர்ந்த மகனின் கண்ணீர்க் கதைகள். தொலைபேசி மணி அடிக்கிறது. ஊரிலே தாய் இறந்துவிட்டாள். விசா இல்லை, விடுமுறை இல்லை. பனியைப் பார்த்து மகன் அழுகிறான். அவன் துயரம் பொய்யன்று. ஆனால் அக்கதைகளிலே தாய் ஏறத்தாழ எப்போதும் இறந்தே தோன்றுகிறாள். அல்லது ‘மோனை, எப்ப வருவாய்?’ என்ற ஒரே வசனத்துடன் முற்றத்தில் நிற்கிறாள். மாலை நான்கு மணிக்கு அவள் யாருடன் பேசினாள்? எவருடன் சண்டையிட்டாள்? கிணற்றடியில் எதை நினைத்துச் சிரித்தாள்? மகன் அனுப்பிய பணத்திலே எதனை மறைத்து யாருக்குக் கொடுத்தாள்? இவற்றை எழுதியோர் மிகச் சிலர். மகனின் குற்ற உணர்ச்சிக்குத் தாயின் முதுமையை எழுதிக் கொடுத்த உறுதி இது. சீவிய உரித்து இல்லாத உறுதி.

இலக்கியம் காணத் தவறிய முதிய தாயை வீதி காட்டியது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017 மாசியில் கிளிநொச்சியில் ஆரம்பித்து, வடக்கிலும் கிழக்கிலும் பரவிய தொடர் போராட்டத்திலே அமர்ந்தோரிற் பெரும்பாலோர் வயது முதிர்ந்த பெண்கள். 1984 இலேயே அன்னையர் முன்னணி கண்ட மண் இது. நீரிழிவும் மூட்டு வலியும் உடைய இத்தாய்மாருக்கு ‘பழையதை மறந்து அமைதி காணுங்கள்’ என்ற உளநல போதனையைச் சொல்பவர், தாம் அரசியலும் பேசுகிறோம் என்பதை உணர வேண்டும். பிணம் கிடைக்காத சாவுக்குத் துக்கம் முடிவதில்லை என்பதை உளவியலும் அறியும். அவர்களின் காத்திருப்பை நோயென்று மட்டும் காண்பவன் அரைக் கண்ணன். அந்தக் கொட்டகையிலே அவர்கள் ஒருவர்க்கொருவர் தேநீர் ஊற்றினர், மருந்து வாங்கினர், ஒருத்தி அழும்போது மற்றவள் கதை சொன்னாள். பிள்ளையைக் காணாமலே பல தாய்மார் கண்மூடிவிட்டனர். ஆயினும் அவர்கள் தனியே இறக்கவில்லை. சுருட்டுக் கொட்டிலில் ஒரு காலத்தில் இருந்தது இங்கே துயரத்தின் நடுவில் மீண்டும் கட்டப்பட்டது.

சட்டம் தன் பங்கைச் செய்ய முயன்றிருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரலாம். வேண்டிய சட்டம்தான். ஆனால் சபை முன் நின்று சொந்த மகன்மீது முறையிடும் தாய் எத்தனை பேர்? கஞ்சிக்குச் சட்டம் வழி செய்யும். கேட்பவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஓய்வூதியமும் மருந்தும் உளவளத்துணையும் ஒவ்வொரு முதியவருக்கும் உரிமையாக வேண்டும் என்று நாம் போராடுவோம். அப்போராட்டம் இல்லாமல் இலக்கிய அனுதாபம் மட்டும் வெறும் ஈரமே. ஆனால் போராடும்போது நமது கையில் உள்ளதை மறத்தல் கூடாது.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! நமது ஊர்களிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. காலையிலே பத்திரிகையைப் பார்க்க முதியவர் வருகின்றனர். கண் மங்கியவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகின்றனர். அங்கே ஒருவன் உரத்து வாசித்தால் என்ன? வாசித்த பின் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினால் என்ன? கொட்டிலைப் பற்றி, வேலைநிறுத்தத்தைப் பற்றி, இடப்பெயர்வின் இரவைப் பற்றி அவர்கள் சொல்வர். பொய்யும் சொல்வர், ஒன்றையே பத்துத் தடவையும் சொல்வர். கேளுங்கள். அவர்கள் சாதிப் பெருமை பேசினால் மறுத்துப் பேசுங்கள், மறுப்பும் மரியாதையே. மறுத்துப் பேசத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்படுவதைப் போல முதியவரைக் கொல்வது வேறொன்றில்லை.

இனி முதியவர் வரும் கதை எதுவாயினும் அதனிடம் நாம் மூன்று வினாக்களைக் கேட்போம். இவர் என்ன வேலை செய்து இந்த வயதை அடைந்தார்? இவருடைய சொல்லைக் கேட்பவர் கதைக்குள் உண்டா? தமக்கு விருப்பமில்லாததற்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல இவருக்கு உரிமை உண்டா? இவற்றுக்கு விடையில்லாத கதை எத்துணை கண்ணீர் சிந்தினாலும் அதில் முதியவர் குடியிருப்பதில்லை.

வீட்டை எழுதிக் கொடுத்த நம் தாய்தந்தையர் உறுதியிலே ஒரு வரியைத் தமக்கென வைத்துக்கொண்டனர். நமது இலக்கியம் அவ்வரியை இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டிய கையும் ஒருநாள் நடுங்கத் தொடங்கும்.